பூட்டுத் திறந்து பழகப் பூட்டுக்கு எங்கே போவது? இராமநாதபுரம் கடற்கரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மண்டபத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறேன். சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பழகுவது ஏழெட்டு வருடமாக எனக்கிருக்கும் பொழுதுபோக்கு. விஷயம் தெரிந்து தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பாம்பனிலிருந்தும் தம்பிகள் கேட்கிறார்கள். முக்கால்வாசிப் பேரின் கேள்வி ஒன்றுதான்: பழகுவதற்குப் பூட்டு வேண்டும், காசு அதிகம் ஆகக்கூடாது. ஆளுக்கு ஆள் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. இது திருட்டு வேலை இல்லையா?

என் மாமியார் இன்னும் இதைத்தான் கேட்கிறார். உலகம் முழுக்க இதை விளையாட்டாகச் செய்கிறவர்கள் இரண்டு விதி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடக்கூடாது. உங்களுடையதே ஆனாலும், புழக்கத்தில் இருக்கும் பூட்டைத் தொடக்கூடாது. முதல் விதி ஏன் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதை நான் அடிபட்டுக் கற்றேன், கீழே சொல்கிறேன்.

சட்டமும் இங்கே தெளிவு. அத்துமீறி உள்ளே நுழைவதற்காகப் பூட்டைத் திறந்தால் அது வீடு உடைப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 445-வது பிரிவு அதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றம்தான். உங்கள் மேசையில், உங்கள் பூட்டை, உங்கள் பொழுதில் திறந்தால் அது புதிர் போடுவது மாதிரி.

எந்த மாதிரிப் பூட்டில் ஆரம்பிப்பது?

பித்தளை உடம்பு, பக்கவாட்டில் பல் வெட்டிய தட்டைச் சாவி. இது பின் பூட்டு. 'பின்' என்பது உள்ளே இருக்கும் குட்டி உலோகக் குச்சி. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860-களில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. பின்னை வைத்துப் பூட்டும் யோசனை அதற்கும் பல ஆயிரம் வருடம் முன்பே எகிப்தின் மரப் பூட்டுகளில் இருந்தது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். சாவி நுழைகிற உருளை ஒன்று. அதற்கு மேலே வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதற்கும் மேலே ஸ்பிரிங். மேல் பின் பாதி உருளைக்குள்ளும் பாதி வெளியேயும் நிற்பதால் உருளை சுற்றாது. சரியான சாவி போட்டால் இரண்டு பின்னும் பிரிகிற இடம் எல்லாத் துளையிலும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை சுற்றும்.

சாவி இல்லாமல் எப்படி? துளைகளை எந்த மிஷினாலும் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் போட முடியாது. மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஒரு வளைந்த கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் இறுகாது, ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடி மெல்லத் தூக்கினால் கோட்டுக்கு வந்து 'டிக்' என்று உட்காரும். அடுத்தது இறுகும். இப்படி நாலோ ஐந்தோ. திறப்பது முழுக்க விரலுக்குத் தெரிகிற அந்த 'டிக்'கில்தான் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், ஏனென்றால் நம் ஊர் உப்பு இதே இடத்தில்தான் ஏமாற்றும்.

ஆன்லைனில் கண்ணாடி மாதிரிப் பயிற்சிப் பூட்டு விற்கிறார்களே?

ஒன்று வாங்கலாம், கூடாது என்று சொல்ல மாட்டேன். பின் எப்படி ஏறி இறங்குகிறது என்று பத்து நிமிடம் பார்ப்பதற்கு அருமை. வீட்டுப் பிள்ளைகளும் வாய் பிளந்து பார்க்கும். ஆனால் அதன் துளைகள் தொளதொள என்று இருக்கும், கையை வைத்தாலே திறந்துவிடும். தவிர, கண் முன்னால் தெரியும்போது விரல் வேலை செய்வதில்லை. கண்ணால் பழகியவனுக்குப் பித்தளைப் பூட்டைக் கொடுத்தால் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சில நூறு ரூபாய்க்குக் காயலான் கடையில் ஒரு பை நிறையப் பூட்டு வாங்கலாம் என்பது என் கணக்கு.

சரி, இங்கே மலிவாக எங்கே கிடைக்கும்?

நாம் கொஞ்சம் அதிர்ஷ்டக்காரர்கள். உள்நாட்டில் பத்து வருடம் உழைக்கிற பூட்டு, கடலோரத்தில் இரண்டு மூன்று மழைக்காலம் தாண்டுவதே பெரிது. படகின் இன்ஜின் அறை, ஐஸ் பெட்டி, வலைக் கொட்டகை, லாட்ஜ் கதவு என்று எங்கும் உப்புக் காற்று. சாவி ஒருநாள் திரும்ப மறுக்கும், ஆக்சா பிளேடு எடுப்பார்கள், வளையம் துண்டாகும், பூட்டு மூலையில் கிடக்கும். வளையம் போனால் நமக்கு என்ன? சிலிண்டர், அதாவது உருளையும் பின்னும் இருக்கிற பகுதி, உயிரோடு இருந்தால் போதும்.

முதல் இடம் காயலான் கடை. பூட்டு என்று கேட்காதீர்கள், விலை ஏறும். பித்தளைச் சாமான் கிடக்கிற பெட்டியைக் கிளறிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எடைக்குத்தான் போடுவார்கள், பித்தளைக்கு அன்றைக்கு என்ன விலையோ அது. கைக்கு அடக்கமான பித்தளைப் பூட்டு ஒன்று நூறு, நூற்றைம்பது கிராம் இருக்கும். போன மாதம் வெளியே இரும்புத் தகடு, உள்ளே பித்தளை உருளை வைத்த நான்கு பூட்டை இரும்பு விலைக்கே எடுத்து வந்தேன். கடைக்காரருக்கு அது இரும்பு, எனக்கு நாலு வாரப் பாடம்.

இரண்டாவது, சாவி போடுகிறவர். பேருந்து நிலையத்தருகே குடையை விரித்து, பலகையில் சாவியைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாரே, அவர் பெட்டிக்குள் ரிப்பேர் ஆகாத பூட்டு டஜன் கணக்கில் கிடக்கும். இங்கே மட்டும் பேரம் பேசாதீர்கள். "அண்ணே, தொழிலுக்கு இல்லை, கைப்பழக்கத்துக்கு" என்று உண்மையைச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எனக்குப் பூட்டு கொடுத்த பெரியவர் மூன்று தடவை மறுத்தார். நான்காவது தடவை போனபோது ஒரு பூட்டை நீட்டி, "இதைத் திறந்துட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்றார். பதினோரு நாள் ஆனது.

மூன்றாவது பலருக்குத் தோன்றாது: அலுமினியக் கதவு வேலை செய்கிற பட்டறை. பழைய கதவைக் கழற்றும்போது அதன் சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இராமேஸ்வரத்தில் யாத்திரிகர் தங்கும் விடுதிகள் எத்தனை! அறைச் சாவியைத் தொலைக்கிறவர்களும் அத்தனை. சாவி தொலைந்தால் சிலிண்டரை மாற்றியாக வேண்டும். அப்படிக் கழற்றிய சிலிண்டரை விடுதியின் மேலாளரிடம் கேட்டே வாங்குங்கள். ரூம்பாய் கையிலிருந்து வாங்காதீர்கள். நல்லதுக்கு வாங்கினாலும் பேச்சு வேறு மாதிரி போகும்.

நான்காவது, சொந்த பந்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் பழுது பார்க்கக் கரைக்கு வரும், கழிசலும் கூடவே வரும். நான் வருடத்துக்கான பூட்டைச் சேர்ப்பது அந்த இரண்டு மாதத்தில்தான்.

கடலில் கிடந்த பூட்டு இறுகிப்போய்க் கிடக்கிறது. எண்ணெய் விட்டால் சரியாகுமா?

எல்லோரும் செய்கிற தப்பு இது. தேங்காயெண்ணெய், டீசல், பழைய இன்ஜின் ஆயில் என்று கையில் கிடைத்ததை ஊற்றுவார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெயை முதலில் ஊற்றினால் உப்பை எண்ணெய்க்குள் வைத்துப் பொதிந்த மாதிரி. வெளியே வழவழ என்று இருக்கும், உள்ளே அரிப்பு தொடரும்.

நான் செய்கிற முறை: நல்ல தண்ணீரைச் சுட வைத்துப் பூட்டை ஒரு மணி நேரம் போட்டு வைப்பேன். எடுத்து உதறி, புதுத் தண்ணீரில் மறுபடியும். மூன்றாவது தண்ணீரை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தால் கரிக்கக் கூடாது. (இதைப் பார்த்துத்தான் மாமியார் என்னைக் கைவிட்டார்.) வெயிலில் நன்றாகக் காய வைத்து, அப்புறம் ஒரு இரவு மண்ணெண்ணெயில். காலையில் சாவித் துவாரத்துக்குள் மெல்லிய கம்பியை விட்டு ஒவ்வொரு பின்னாக அமுக்கிப் பாருங்கள். துள்ளித் திரும்பினால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. அமுங்கியது அமுங்கியபடி நின்றால் ஸ்பிரிங் துருவேறிப் போயிருக்கும், அந்தத் துளை அவ்வளவுதான். கடைசியாக எழுதுகிற சாதாரணப் பென்சிலின் கரியைத் தூளாக்கித் துவாரத்துக்குள் ஊதிவிடுங்கள். அது கிராஃபைட், காய்ந்த வழவழப்பு, தூசியைப் பிடித்து வைக்காது.

பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் புளி இருக்கவே இருக்கிறது, குத்துவிளக்குத் தேய்ப்பது போலத்தான். ஆனால் முழுப் பூட்டையும் புளித்தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். புளியின் அமிலம் பித்தளைக்கு அழகு, உள்ளே இருக்கும் எஃகு ஸ்பிரிங்குக்கு எமன். வெளிப்புறத்தை மட்டும் தேய்த்து உடனே கழுவுங்கள்.

தேய்க்கும்போது ஒரு வேடிக்கை பார்க்கலாம். பூட்டின் அடிப்பக்கத்திலோ விலாவிலோ சின்னச் சின்ன வட்டங்கள் நாலைந்து வரிசையாக மங்கலாகத் தெரியும். அவைதான் பின் துளைகள். தொழிற்சாலையில் வெளியிலிருந்து துளை போட்டு, பின்னையும் ஸ்பிரிங்கையும் இறக்கி, வாயில் ஒரு பித்தளைத் துணுக்கை அடித்து மூடி, தேய்த்து மெருகு போட்டிருப்பார்கள். புதுப் பூட்டில் கண்ணுக்கே தெரியாது. உப்பில் கிடந்து புளியில் குளித்த பூட்டில் ஐந்து நிலவு மாதிரி எழும்பி வரும். எண்ணினால் எத்தனை பின் என்று திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. உப்பு தங்கிய பூட்டில் துருத் துணுக்கு இறுகினாலும் பின் இறுகின மாதிரியேதான் விரலுக்குத் தெரியும். கழுவாத பூட்டில் பழகிய பையன் ஒருவன், எந்தப் பூட்டிலும் முதல் பின்னை அளவுக்கு மேல் அழுத்துகிறான். அந்தக் கையை மாற்ற எனக்கு ஆறு மாதம் ஆகியும் முடியவில்லை.

சாவி இல்லாத பூட்டு வாங்கலாமா, சாவியோடுதான் வாங்க வேண்டுமா?

முதல் இரண்டு மூன்று பூட்டாவது சாவியோடு வாங்குங்கள். திறக்கவில்லை என்றால் குறை கையிலா பூட்டிலா என்று சாவியைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சாவியைப் பார்த்தே பூட்டின் குணத்தையும் சொல்லலாம். பல் வெட்டு மேடு பள்ளம் அதிகமில்லாமல் அலை மாதிரி போனால் எளிது. நெடியதற்குப் பக்கத்தில் குட்டை, மறுபடி நெடியது என்று இருந்தால் நடுப் பின்னைத் தொடவே கம்பிக்கு வழி இருக்காது. அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

திண்டுக்கல் பூட்டில் பழகலாமா? நம்ம ஊர்ப் பக்கம்தானே?

மதுரை வழியாகப் போனால் நாலு மணி நேரத்துக்குள் திண்டுக்கல். ஆசை வருவது நியாயம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, கையாலேயே செய்கிறார்கள், மாங்காய்ப் பூட்டின் அழகுக்கு நானும் அடிமை. ஆனால் அது வேறு சாதி. உள்ளே பின் கிடையாது, லீவர் என்கிற தகடுகள் அடுக்கியிருக்கும். சாவி சுற்றும்போது ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் தாழ் நகராது. ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் 1778-ல் கொண்டுவந்த தத்துவம் அது. பின் பூட்டுக்குச் செய்த மெல்லிய கம்பி அந்தக் கனமான ஸ்பிரிங்குக்கு முன்னால் வளைந்துவிடும்.

லீவர் பூட்டை யாரும் திறக்க முடியாது என்பதில்லை. 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் லண்டனில் சப் கம்பெனியின் லீவர் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். அதே வருடம், திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பணம்) என்று சவால் விட்டு வைத்திருந்த பிராமா கம்பெனியின் பூட்டையும் திறந்தார். அதற்கு 16 நாளில் பிரித்துப் பிரித்து 51 மணி நேரம் ஆனது. நம்ம பையன்கள் அரை மணி நேரத்தில் சலித்துக்கொள்ளும்போது இதைத்தான் சொல்வேன். திண்டுக்கல் பூட்டு ஒன்றை வாங்கி வையுங்கள், இரண்டு வருடம் கழித்து எடுங்கள்.

கருவிக்கு எவ்வளவு ஆகும்?

என்னைக் கேட்டால் முதல் கருவி கடையில் வாங்கவே வேண்டாம். வண்டி வைப்பரின் ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையை எடுத்து முனையை வளைத்தால் திருப்பிப் பிடிக்கும் கம்பி தயார். பின்னைத் தூக்கும் கம்பிக்கு இன்ஜினில் டேப்பெட் இடைவெளி அளக்கிற பழைய ஃபீலர் கேஜ் தகடு, அல்லது ஆக்சா பிளேடு. தேய்க்கும்போது சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் முறுக்கு போய்விடும், அதனால் நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் தொட்டெடுங்கள். முனையை உப்புத்தாளால் வழவழப்பாக்குவதில் சோம்பல் கூடாது. சொரசொரப்பான கம்பி பொய் சொல்லும்.

ஒரே பூட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் மனப்பாடம் ஆகிவிடுகிறதே?

ஆகும். இரண்டாவது வாரத்தில் நீங்கள் பூட்டைத் திறக்கவில்லை, உங்கள் நினைவைத் திறக்கிறீர்கள். இதற்குத்தான் கதவுச் சிலிண்டர். சாவியோடு ஒன்று கிடைத்தால் அது ஒன்றே பத்துப் பூட்டுக்குச் சமம்.

நடுவில் இருக்கும் சி வடிவ வளையத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, உருளையை வெளியே தள்ள வேண்டும். அது நகர நகரப் பின்னாலேயே அதே பருமனில் ஒரு குச்சி நுழைய வேண்டும். இடைவெளி விட்டால் மேல் பின்னும் ஸ்பிரிங்கும் பொலபொலவென்று கொட்டிவிடும். உருளை சுமார் 13 மில்லிமீட்டர். இதற்கென்று விற்கும் குச்சிக்கு நான் காசு கொடுத்ததில்லை. சீமைக் கருவேலம் இந்த மாவட்டத்துக்குச் செய்த ஒரே உபகாரம் என் மேசையில் இருக்கிறது: காய்ந்த கிளை ஒன்று, கண்ணாடித் துண்டால் சீவி உருட்டியது.

வேலையைத் தாம்பாளத்தில் துணி விரித்து அதன் மேல் செய்யுங்கள். ஒரு பின் மட்டும் போட்டுத் திறந்து பாருங்கள். அப்புறம் இரண்டு, மூன்று. ஐந்தும் வந்த பிறகு இடம் மாற்றிப் போடுங்கள். மாற்றியபின் பழைய சாவி திறக்காது, அதனால் பிரிப்பதற்கு முன் எந்தப் பின் எந்தத் துளையில் இருந்தது என்று எழுதி வையுங்கள். பிரிக்கும்போது நடுவில் இடுப்பு சிறுத்த, நூற்கண்டு மாதிரியான மேல் பின் வந்தால் தனியாக எடுத்து வையுங்கள். பூட்டு திறந்துவிட்ட மாதிரி பாதி சுற்றி நின்றுகொண்டு நம்மை ஏமாற்ற வைத்தது அது. ஆறு மாதம் கழித்து ஒன்று மட்டும் சேர்த்துப் பாருங்கள், சுவாரசியம் புரியும்.

வீட்டுப் பூட்டிலேயே பழகினால் செலவே இல்லையே?

இரண்டாவது விதியை அடிபட்டுக் கற்றேன் என்றேனே, அது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கிரில் கேட்டில் தொங்கிய பூட்டு. வீட்டில் எல்லோரும் தேவிபட்டினம் போயிருந்தார்கள், நான் உள்ளே. சும்மா பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். மூன்றாவது பின்னில் ஸ்பிரிங் முறிந்து குறுக்கே விழுந்தது. பூட்டு என் கம்பிக்கும் திறக்கவில்லை, சாவிக்கும் திறக்கவில்லை. மாலையில் குடும்பமே வந்து கேட்டுக்கு வெளியே நிற்க, பக்கத்து வீட்டு அண்ணன் ஆக்சா பிளேடால் வளையத்தை அறுத்தார். நான் உள்ளே சிறைக்கைதி மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அறுந்த பூட்டு பயிற்சிப் பெட்டியில் இருக்கிறது.

பீரோ, சூட்கேஸ், பைக் பூட்டு?

மேசை இழுப்பறைக்கும் சின்ன அலமாரிக்கும் வருகிற மலிவுப் பூட்டுகளில் பலவற்றில் பின்னுக்குப் பதில் தகடு இருக்கும். எளிதாகத் திறக்கும், கைக்கு உற்சாகம் வரும், பாடம் குறைவு. சூட்கேஸ் பூட்டு அதைவிடப் பாவம். பைக் பூட்டைத் தொடவே வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

கருவியைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமா?

நான் போக மாட்டேன். கடலோரம் முழுக்க காவல் சோதனை இருக்கிற பகுதி நம்முடையது. இராத்திரி நேரத்தில் பையில் வளைந்த கம்பிகளை வைத்துக்கொண்டு "பொழுதுபோக்கு" என்று விளக்குவது, பூட்டைத் திறப்பதை விடக் கஷ்டம். நண்பன் வீட்டுக்குப் போனால் பூட்டையும் சேர்த்தே எடுத்துப் போவேன், பகலில்.

"காக்கா, இவ்வளவு லேசாத் திறக்கும்னா எங்க வீட்டுப் பூட்டு பாதுகாப்பா?" (கீழக்கரையிலிருந்து; அங்கே காக்கா என்றால் அண்ணன்)

இந்தத் தங்கச்சியின் வீட்டுக்காரர் சபுரில், அதாவது வெளிநாட்டில், இருக்கிறார், வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். பயம் நியாயம். நான் சொன்னது: திருடன் கம்பியை வைத்துக்கொண்டு 'டிக்' கேட்க உட்கார்ந்திருக்க மாட்டான். கடப்பாரையால் கொண்டியை நெம்புவான். பூட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, அது தொங்குகிற கொண்டியை இரண்டு அரை அங்குல ஆணியில் நிறுத்தியிருந்தால் என்ன பயன்? முதலில் கொண்டியைக் கதவை ஊடுருவும் போல்ட்டில் மாற்றுங்கள். பூட்டுக்கு மேல் மழையும் காற்றும் நேராகப் படாதபடி ஒரு துண்டு டியூப் ரப்பரைத் தொங்கவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்து பென்சில் கரி போடச் சொல்லுங்கள்.

பழகி முடித்த பூட்டுகளை என்ன செய்வது?

வளையம் சரியாக இருந்து சாவியும் இருந்தால் யாருக்காவது கொடுக்கலாம். ஆனால் நூறு தடவை நோண்டிய பூட்டின் பின் தேய்ந்திருக்கும், மாட்டுத் தொழுவத்துக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது என்று சொல்லியே கொடுங்கள். மற்றதை நான் அதே காயலான் கடைக்கே கொண்டு போகிறேன். எடைக்கு வாங்கியது, எடைக்கே போகும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் மொத்தச் செலவு. போன தடவை தராசில் வைத்துவிட்டுக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இது போன வருசம் நம்ம கடையில எடுத்ததுதானே? எடை கொஞ்சம் குறையுதே!" என்றார். ஸ்பிரிங்கும் பின்னும் என் டப்பாவில் இருந்தன.